பெரியப்பாவின் நாற்றப்பூ

சாப்பிடுவதற்கு முன்னால் இதை வாசிக்காதீர்கள். சாப்பிட்ட கையோடும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வயதில் வயிறு எதற்குப் புரளும், எதற்குப் புரளாது என்று யாராலும் சொல்ல முடியாது.

போன மாதம் நம்மோடு படித்தவள் ஒருத்தி கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தாள், நினைவிருக்கிறதா? பேராதனையில் செடி விற்கும் இடத்தில் வாங்கினாளாம். சின்னப் பீங்கான் சட்டி, அதில் இலையே இல்லாத நாலைந்து பச்சைத் தண்டுகள், நடுவில் கையகலத்துக்கும் பெரிதாக நட்சத்திரம் போல ஒரு பூ. "பாலைவனச் செடி. தண்ணி ஊத்த மறந்தாலும் கோவிச்சுக்காது. நம்மள மாதிரி மறதிக்காரங்களுக்குன்னே படைச்சிருக்கான்" என்று கீழே எழுதியிருந்தாள். நீங்கள் எல்லாரும் கைதட்டும் படமும் கும்பிடும் படமும் போட்டிருந்தீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. படத்தில் நாற்றம் வராது. எனக்கு வந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன்.

அந்தப் பூவோடு நான் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அதற்குச் சேவகம் பண்ணியிருக்கிறேன்.

நாங்கள் அப்போது கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில், கொழும்பு ரோட்டிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தோம். வீடு பெரியப்பாவுடையது. அப்பாவின் மூத்த அண்ணன் அவர். நாவலப்பிட்டியில் ரயில்வே கார்டாக இருந்து பென்சன் வாங்கியவர். பெரியம்மா இறந்து, பிள்ளைகளும் இல்லாமல் தனியாக இருந்தவர், எங்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். அல்லது அவரைப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு ஒரு கூரை கொடுத்தார். இரண்டில் எது என்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இடையே எப்போதும் ஒரு முணுமுணுப்பு உண்டு. அப்பா ரோட்டோரத் துணிக்கடை ஒன்றில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். அப்பாவின் கடைசித் தங்கை, எனக்கு அத்தை, எங்களோடுதான் இருந்தாள். கல்யாணத்துக்கு வயது தாண்டிக்கொண்டிருக்கிறது என்று வருகிறவர்கள் எல்லாம் அவள் காதுபடவே சொல்லிவிட்டுப் போவார்கள்.

முன்னறை பெரியப்பாவுக்கு. காற்று வருகிற அறையும் அதுதான், ரோட்டைப் பார்க்கிற ஜன்னலும் அதில்தான். அந்த அறைக்குள் நுழையும்போதே எனக்கு மூச்சு நின்றுவிடும். கட்டிலுக்குக் கீழே பித்தளைப் படிக்கம். வெற்றிலைச் சாறு அதில் பாதிக்கு நிறைந்து, மேலே ஆடை போலப் படர்ந்திருக்கும். அதைக் காலையில் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவுவது என் வேலை. இன்றைக்கும் பித்தளைப் பாத்திரத்தில் யாராவது பாயசம் கொடுத்தால் எனக்கு இறங்காது. மூக்குப்பொடி போட்டுவிட்டு அதே கையால் என் கன்னத்தைக் கிள்ளுவார். வேட்டி நுனியில் சளி துடைப்பார். சாப்பிட்டதும் தட்டிலேயே வாய் கொப்பளித்து, அந்தத் தண்ணீரைக் கடைசிச் சோற்றோடு கலக்கி வைப்பார். அதை எடுத்துக் கழுவுகிற அம்மா ஒரு நாளும் முகத்தைச் சுளித்ததில்லை. வீடு அவருடையது என்பதால்தான் முகம் அப்படி நேராக நிற்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆனால் இத்தனை அழுக்கான மனிதர் அந்தச் செடி விஷயத்தில் மட்டும் ஆஸ்பத்திரிச் சுத்தம்.

தோட்டத்துத் துரை ஒருத்தர் ஊரைவிட்டுப் போனபோது அவருடைய மனைவி நாவலப்பிட்டி ஸ்டேசனில் விட்டுவிட்டுப் போன சட்டி அது. "அம்மா, இது உங்க சாமான்" என்று பெரியப்பா ஓடிப்போய்ச் சொன்னாராம். அந்த வெள்ளைக்காரி மூக்கைப் பிடித்துக் காட்டி, கையை வீசிவிட்டு ரயில் ஏறிவிட்டாளாம். பெரியப்பா அதைப் பச்சைக் கொடித்துணியில் சுற்றித் தன் கார்டு பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு சட்டி பல சட்டியானது. நான் பார்க்கத் தொடங்கியபோது வீட்டின் பக்கச் சுவரோடு நீளப் பலகை அடித்து, அதில் வரிசையாகச் சட்டிகள் இருந்தன.

நம் ஊரில் மழைக்கு ஒரு கணக்கு உண்டா? சித்திரையில் இடியோடு கொட்டும். வைகாசியில் பிடித்துக்கொண்டால் கூரையில் பாசி பிடிக்கும்வரை விடாது. அந்த ஊரில் பாலைவனச் செடியைக் காப்பாற்றுவது என்றால், பச்சைப் பிள்ளைக்குப் பனி படாமல் காப்பது மாதிரி. இடித்த பங்களா ஒன்றிலிருந்து ஜன்னல் கண்ணாடிகளை வாங்கி வந்து பலகைக்கு மேலே கூரை போட்டிருந்தார். அதில் இரண்டு மூன்று நீலக் கண்ணாடிகள். வெயில் வரும்போது செடிகளின் மேல் நீலமாக ஒரு வெளிச்சம் விழும். அந்த வீட்டில் நான் விரும்பிய ஒரே பொருள் அந்த நீலக் கண்ணாடிதான். பிறகு அதுவும் எங்கே போனதென்று தெரியவில்லை.

மண் என்று சொன்னால் கோபம் வரும் அவருக்கு. "மண்ணுல வச்சா செத்துரும். மண்ணு ஈரத்த விடாது" என்பார். பேராதனைப் பாலத்துக்குக் கீழேயிருந்து ஆற்றுமணல் கொண்டுவரச் சொல்லி, அதை மூன்று நாலு தண்ணீரில் அலசி, கலங்கல் இல்லாமல் காயப்போட வேண்டும். பழைய கூரையோட்டைச் சுத்தியலால் பயறு அளவுக்கு உடைக்க வேண்டும். அடுப்புக்கரியும் அப்படியே. மூன்றையும் கலந்து, அடியில் கூடுதலாகத் துளை போட்ட மண்சட்டியில் நிரப்ப வேண்டும். தண்டை ஒடித்து உடனே நடக்கூடாது. நிழலில் போட்டு, ஒடித்த வாய் காய்ந்து தோல் கட்டிய பிறகுதான் நட வேண்டும். தண்ணீர் நாம் நினைத்த நேரத்தில் இல்லை. தண்டு கொஞ்சம் சுருங்கி, விரலில் தொட்டால் கிழவி கை மாதிரி இருக்கும்போது மட்டும். மழை மாதத்தில் ஒரு சொட்டும் கிடையாது. தண்டின் இடுக்கில் மாவு மாதிரி வெள்ளைப் பூச்சி ஒட்டும். பஞ்சைக் குச்சியில் சுற்றி, சாராயத்தில் தொட்டு, ஒவ்வொன்றாய்த் துடைத்தெடுக்க வேண்டும். அந்தக் குச்சியும் பஞ்சும் என் கையில். சாராய மணமும் நசுங்கிய பூச்சியின் சிவப்புச் சாறும் நகத்துக்குள் இருக்க, அதே கையால் ஸ்கூலில் பாண் பிய்த்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

அதுவரை அந்தச் செடி பூத்து நான் பார்த்ததில்லை. அந்த வருஷம்தான் வெயில் மாதங்கள் நன்றாகக் காய்ந்தன. மாசி, பங்குனி இரண்டும் கொளுத்தின. வருஷப் பிறப்பு லீவில் தண்டுகளின் அடியில் மொட்டுகள் வந்தன. மொட்டா அது! கடதாசிப் பை ஊதி வைத்தது மாதிரி, நாளுக்கு நாள் வீங்கியது. பெரியப்பா காலையும் மாலையும் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து அதையே பார்ப்பார். ஒரு காலையில் அது ஐந்தாக வெடித்து விரிந்தது.

சந்தன மஞ்சளில் பெரிய நட்சத்திரம். அதன்மேல் குறுக்குக் குறுக்காகச் சிவப்பு வரி, தோலில் விழுந்த சுருக்கம் மாதிரி. ஓரமெல்லாம் மெல்லிய மயிர். ஆமாம், மயிர்தான். வேறு சொல் இல்லை. நான் குனிந்து முகர்ந்தேன். பூ என்றால் முகரத்தானே தோன்றும்? மழையில் ஊறிக் கிடக்கும் செத்த நாயைத் தாண்டி நீங்கள் எப்போதாவது போயிருந்தால் அந்த நாற்றம் உங்களுக்குத் தெரியும். நான் அங்கேயே ஓங்கரித்தேன். பெரியப்பா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"ஏமாந்துட்டியா? ஈயும் இப்படித்தான் ஏமாறும். பாரு."

பார்த்தேன். எங்கிருந்துதான் வந்தனவோ, நீலமாய்ப் பளபளக்கும் பெரிய ஈக்கள். இறைச்சி என்று நினைத்துப் பூவின் நடுக்குழியில் முட்டை இட்டன. அடுத்த நாள் அங்கே அரிசி நொய் மாதிரிப் புழுக்கள் நெளிந்தன. தின்ன இறைச்சி இல்லாததால் அவை அப்படியே சுருண்டு செத்தன. செத்த புழுவை ஈர்க்குச்சியால் கிளறி எடுப்பதும் என் தலையில் விழுந்தது.

அம்மா அதற்குப் பிணப்பூ என்று பேர் வைத்தாள். பெரியப்பா காதில் விழாமல்தான் சொல்வாள். பெரியப்பாவோ ரோட்டில் போகிற ஆட்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த மழை ஊர்ல இதப் பூக்க வச்சவன் யாரு? நான்" என்பார். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர்கள் பார்த்துவிட்டு, பெரிய மனிதராயிற்றே என்று, "அருமையான பூவுங்க" என்று சொல்லிப் போனார்கள். எனக்கு அந்தப் பூவைவிட அந்த "அருமை"தான் குமட்டியது. நாறுகிறது என்று ஒருத்தர் சொல்லக்கூடாதா?

அந்த நாட்களில் ஒரு சட்டியில் தண்டின் அடி கறுத்துப்போனது. பெரியப்பா சவர பிளேடை எடுத்து, கறுப்பு முடிந்து பச்சை தெரியும்வரை துண்டு துண்டாக அறுத்துக்கொண்டே போனார். செடியில் பாதிக்கு மேல் போய்விட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. "அழுகல்ல பாவம் பாக்கக்கூடாது. இன்னைக்கு விட்டா நாளைக்கு மேல ஏறிரும்" என்றார். அறுத்த வாயில் சாம்பலைத் தொட்டு வைத்தார்.

அவருக்கு இரத்தத்தில் சீனி வருத்தம் இருந்தது. அது எல்லாருக்கும் தெரியும். தேத்தண்ணியோடு கருப்பட்டி கடிப்பதை விடவில்லை என்பதும் தெரியும். ஒரு நாள் சட்டி மாற்றுவதற்காக ஓடு உடைத்துக்கொண்டிருந்தார். வெறுங்கால். எழுந்து உள்ளே போனார். சிவப்புச் சிமெந்துத் தரையில் அவர் போன வழியெல்லாம் ஈரமாய் ஒரு பாதி அடிச்சுவடு இருந்தது. தரையும் சிவப்பு என்பதால் அது இரத்தம் என்று எனக்கு உடனே தெரியவில்லை. "பெரியப்பா, காலு!" என்று கத்தினேன். அவர் காலைத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தார். ஓட்டுச் சில்லு ஒன்று உள்ளே போய் நின்றிருந்தது. முள் எடுக்கிற மாதிரி அதைப் பிடுங்கி வெளியே எறிந்தார். "வலிக்கலையே" என்றார், பெருமையாக.

அப்புறம் மழை பிடித்தது.

மழை பிடித்ததும் சட்டிகளை எல்லாம் தன் அறை ஜன்னலுக்கு மாற்றச் சொன்னார். கண்ணாடிக் கூரை ஒழுகுகிறது என்றார். அது ஒழுகவில்லை. ஆனால் அப்பா ஒன்றும் கேட்காமல் ஜன்னலின் உள்பக்கம் பலகை அடித்துக் கொடுத்தார். மொட்டு இருந்த சட்டிகள் எல்லாம் உள்ளே வந்தன. ஒன்றிரண்டு விரிந்தன. வீடு முழுக்க நாறியது. ஈரத்தில் காயாத துணி, அடுப்புப் புகை, அதற்குமேல் இது. அம்மா சாயங்காலமானால் சாம்பிராணி போட்டாள். அழுகல் நாற்றத்தை நீங்கள் தாங்கிக்கொள்ளலாம், சாம்பிராணியோடு சேர்ந்த அழுகல் நாற்றத்தைத் தாங்க முடியாது. சாவு வீட்டில் சோறு போட்ட மாதிரி இருக்கும். அத்தை தலைக்குக் குளித்து வந்தாலும் தலைமுடியில் அது ஏறிக்கொண்டது. ஸ்கூலில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழுந்து வேறு வாங்கில் போய் உட்கார்ந்தாள். கருவாடு பொரித்தால் நான் சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

"எல்லாம் அந்தப் பூவால" என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அப்பாவும் சொன்னார். பெரியப்பாவே சொன்னார். "பூவு அப்படித்தான் இருக்கும், கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்குங்க."

எனக்குத்தான் சட்டிகளோடு வேலை. பூச்சி துடைக்கப் போனபோது பார்த்தேன். விரிந்த பூக்கள் வாடி, சுருண்டு, பழைய தோல் பை மாதிரித் தொங்கின. மீதி எல்லாம் மூடிய மொட்டு. திறந்த பூ ஒன்றுமே இல்லை. நாற்றம் மட்டும் முன்னைவிடக் கூடியிருந்தது. ஈக்கள் சட்டிகள் பக்கமே போகவில்லை. கட்டிலைச் சுற்றித்தான் பறந்தன.

"பெரியப்பா, பூவே இல்லையே?"

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டையும் போர்வைக்குள் விட்டிருந்தார்.

"மொட்டுக்குள்ளயே நாறும் அது. ஒனக்கு என்னா தெரியும்? போ, போய்ப் படிக்கிற வேலயப் பாரு."

மொட்டை மூக்கோடு வைத்து முகர்ந்து பார்த்தவள் நான். அதில் பச்சை வாசம்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை, ஸ்கூலுக்குப் போகும்போது அம்மாவிடம் சொன்னேன். "அம்மா, அது பூ நாத்தமில்ல. பெரியப்பா நாத்தம்." என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அம்மா கையில் மாவு இருந்தது. கன்னத்தில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டே ஒழுங்கையில் ஏறினேன். "பெரியவங்களப் பத்தி இன்னொரு தடவ அப்படிப் பேசின, நாக்குல சூடு வச்சிருவேன்" என்ற அம்மாவின் குரல் ரோடு வரைக்கும் கேட்டது. உரக்கச் சொன்னாள். முன்னறைக்குக் கேட்கட்டும் என்றுதான் அத்தனை உரக்கச் சொன்னாள் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வாரத்திலிருந்து பெரியப்பா வீட்டுக்குள் சப்பாத்துப் போடத் தொடங்கினார். ரயில்வே வேலையில் போட்ட கறுப்புச் சப்பாத்து, காலுறையோடு. சிமெந்துத் தரை குளிருகிறது என்றார். தூங்கும்போதுகூடக் கழற்றினாரா என்று தெரியாது. அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி மாதம் பிறப்பதற்கு முன், அத்தையைப் பெண் பார்க்க நாவலப்பிட்டியிலிருந்து ஆட்கள் வருவதாகச் செய்தி வந்தது. பெரியப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் மூலம் வந்த இடம். மாப்பிள்ளைக்கு ஸ்கூலில் வேலை. அத்தை அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கிணற்றில் தண்ணீர் இறைத்தது எனக்கு நினைவிருக்கிறது. வீட்டைக் கழுவினார்கள். தரைக்கு மெழுகு போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்தார்கள். எல்லாம் ஆனபின் அம்மா அப்பாவிடம், "அந்தச் சட்டிகளை என்னா செய்யிறது? இந்த நாத்தத்துல எவ சம்பந்தம் பேசுவா?" என்றாள். அப்பா முன்னறை வாசலில் நின்று தொண்டையைச் செருமி, "அண்ணே, ஒரு நாளைக்கு மட்டும் சட்டிகளை பக்கத்து வீட்டுல வைப்போமா?" என்று கேட்டார். பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார். மறுக்க ஒரு காரணம் தேடினார் போல. பிறகு, "வைங்க" என்றார்.

பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் முஸ்லிம்கள். அந்த வீட்டுப் பெண்ணை நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். சட்டிகளை நானும் அத்தையுமாகத் தூக்கிப்போனோம். ராத்தா முந்தானையால் மூக்கை மூடத் தயாராகத்தான் நின்றாள். பிறகு ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து பார்த்துவிட்டு முந்தானையை இறக்கினாள்.

"ஒரு பூவும் இல்லியே புள்ள? எல்லாம் மொட்டாத்தானே ஈக்கிது."

அத்தை சட்டியைக் கீழே வைத்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டையும் பார்த்தாள்.

வந்தார்கள். மாப்பிள்ளையும் அவருடைய அப்பா, அம்மாவும். பெரியப்பா முழுக்கைச் சட்டையும் காற்சட்டையும் சப்பாத்துமாகக் கூடத்து நடுவில் பெரிய கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவர்தானே வீட்டுக்குப் பெரியவர். நான் முறுக்குத் தட்டோடு நின்றேன். சட்டிகள் போய்விட்டன, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது, சாம்பிராணியும் போட்டாகிவிட்டது. நாற்றம் மட்டும் அப்படியே இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பை மெல்ல மூக்குக்குக் கொண்டுபோனார். மாப்பிள்ளை முறுக்கைக் கையில் வைத்தபடி கடிக்காமல் இருந்தார். பேச்சு ரயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் அந்த அம்மாவால் முடியவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்டுல யாருக்கும் ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இல்லைங்க" என்று அப்பா அவசரமாகச் சிரித்தார். "அது பூவுங்க. அண்ணன் ஒரு பூச்செடி வளக்குறாரு. வெளிநாட்டுச் செடி. அதோட வாசம் அப்படி."

"பூவா? எங்க, பாப்போம்."

அப்பா சுற்றிப் பார்த்தார். "இப்ப இல்லைங்க... பக்கத்து வீட்டுல வச்சிருக்கோம்."

"பக்கத்து வீட்டுல இருக்கிற பூவா இங்க நாறுது?"

அத்தை தேத்தண்ணித் தட்டோடு உள்ளேயிருந்து வந்தது அந்த நேரத்தில்தான். நல்ல கத்தரிப்பூ நிறச் சேலை. தலை நிறையப் பூ. அவள் வந்தவர்களைப் பார்க்கவில்லை. பெரியப்பாவின் வலது சப்பாத்தைப் பார்த்தாள். கயிறு கோக்கும் துளைகளில் நீல ஈக்கள் மொய்த்து உட்கார்ந்திருந்தன. பெரியப்பா காலை ஆட்டி ஆட்டி விரட்டிக்கொண்டிருந்தார். அவை எழும்பி எழும்பி அங்கேயே உட்கார்ந்தன.

அவர்கள் தேத்தண்ணியைத் தொடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார்கள். மரியாதைக்காகப் பெரியப்பாவும் எழுந்து வாசல்வரை நடந்தார். மெழுகு போட்டுத் தேய்த்த தரையில் ஒரு காலின் தடம் மட்டும் ஈரமாக, பழுப்பாகப் பதிந்துகொண்டே போனது.

அவர்கள் ஒழுங்கை ஏறி மறைந்ததும் அப்பா பெரியப்பாவைத் திட்டுவார் என்று நினைத்தேன். அப்பா செய்தது என்ன தெரியுமா? துணி எடுத்து வந்து அந்தத் தடத்தைத் துடைக்கத் தொடங்கினார். அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கினாள். இருவரும் தரையையும் தட்டையும் பார்த்தார்களே தவிர அந்தக் காலைப் பார்க்கவில்லை. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு உள்ளே எரிகிறது.

அத்தைதான் அந்தச் சேலையோடு பெரியப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"காலக் குடுங்க பெரியண்ணே."

"ஒன்னுமில்ல. நீ எந்திரி."

"காலக் குடுங்க."

அவள் குரல் உயரவே இல்லை. கயிற்றை அவிழ்த்தாள். சப்பாத்து வர மறுத்தது; உள்ளே வீங்கியிருந்தது. "சுடுதண்ணியில உப்புப் போட்டுக் கொண்டா" என்றாள் என்னிடம். நான் கொண்டுவந்தபோது சப்பாத்துக் கழன்றிருந்தது. காலுறையை நனைத்து நனைத்து உரித்தாள். அதோடு தோலும் வந்தது. குதிகால் இருந்த இடத்தில் ஒரு குழி. ஓரமெல்லாம் கறுப்பு, உள்ளே சாம்பல் நிறம். அதற்குள் வெள்ளையாய் அசைந்தன. பூவில் பிறந்த புழுக்கள் தின்ன ஒன்றும் கிடைக்காமல் செத்துப்போயின என்று சொன்னேன் அல்லவா. இவை கொழுத்திருந்தன.

நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்து பார்க்கும்போதும் அத்தை முகத்தைத் திருப்பவில்லை. பெரியப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"வெட்டிருவாங்கடி. ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டிருவாங்க. நாவலப்பிட்டியில ரயில்ல வெட்டுப்பட்ட ஒருத்தன் கால, தண்டவாளத்துலேருந்து என் கையால எடுத்தவன்டி நான். எனக்கு அது வேணாம்."

"அதுக்குத்தான் பூவ உள்ள கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டாள் அத்தை.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ராத்தாவின் புருஷன் தன் வேனைக் கொண்டுவந்தார். பேராதனை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஆளே போயிருப்பார் என்று டொக்டர் சொன்னாராம். நாவலப்பிட்டி சம்பந்தம் அதோடு முடிந்தது. வந்தவர்கள் ஊரில் போய், பெண்ணுக்கு ஏதோ வியாதி, வீட்டில் மறைக்கிறார்கள் என்று சொன்னதாக சம்பந்தம் கொண்டுவந்த அந்த ரயில்காரர் மூலமே எங்களுக்குத் தெரிந்தது. நாறியது வேறொருவர், பேர் கெட்டது அத்தைக்கு. அப்பா போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அண்ணனுக்கு அவமானம் என்று போகவில்லை.

சட்டிகளை யாரும் திருப்பி எடுக்கவில்லை. ராத்தா வீட்டு முற்றத்தில் அந்த மழை முழுக்க நனைந்தன. கண்டியில் பெரஹரா ஊர்வலம் நடந்த நேரம் எட்டிப் பார்த்தேன். தண்டெல்லாம் வெந்த வெண்டிக்காய் மாதிரி வழவழவென்று குழைந்து, சட்டி விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. ராத்தா மூக்கை மூடிக்கொண்டு குழி தோண்டிப் புதைத்தாள். பெரியப்பா வீட்டுக்கு வந்தபின் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முன்னறை ஜன்னல் கண்ணில் படாதபடி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார்.

அத்தை கொஞ்ச காலம் அந்த வெட்டின காலைக் கழுவிக் கட்டினாள். பிறகு மாத்தளைப் பக்கம் ஒரு லொறிக்காரரைக் கட்டிக்கொண்டு போனாள். அவர் பெண் பார்க்க வந்த அன்றைக்கே அத்தை முன்னறைக் கதவைத் திறந்து, "இவருதான் எங்க பெரியண்ணன், இவருக்குக் கால் இல்ல, இது சீனி வருத்தத்துல போனது" என்று சொன்னாளாம். அந்த மனிதர், "அதுக்கென்ன" என்றாராம். அத்தை நன்றாக வாழ்ந்தாள். அதற்குப்பின் பெரியப்பா சாகும்வரை அந்தக் காலையும், அடுத்த காலில் வந்த புண்ணையும் அம்மாதான் கழுவினாள். சுளிக்காத முகத்தோடு. எனக்கு அந்த முகத்தையும் பிடிக்காமல் போய்விட்டது.

வெகுகாலம் கழித்து, அம்மா என் வீட்டில் கிடையாகக் கிடந்த நாட்களில், ஒரு பகலில் அவளைக் கதிரையில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். முதுகில் படுக்கைப் புண். அதைப் பார்க்காமல் தண்ணீர் ஊற்ற முயன்றுகொண்டிருந்தேன். அப்போது கேட்டேன்.

"அம்மா, பெரியப்பா கால் நாத்தம்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

அவள் யோசிக்கவே இல்லை. "நீ சொல்றதுக்கு முந்தியே தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த? என்னை வேற அடிச்ச?"

"சொன்னா நாந்தானே கழுவணும்?" என்றாள். "மூத்தாரு காலு. உங்கப்பா தொட மாட்டாரு. உங்க அத்தைக்குக் கல்யாணம் பேசுறாங்க. வேற யாரு இருக்கா? பூவுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் பூவுன்னு வச்சுக்கிட்டேன். அந்தக் கொஞ்ச நாளாவது கழுவாம இருந்தேன்."

எனக்குக் கை நின்றுபோயிற்று. அம்மாவைப் பற்றி இவ்வளவு அருவருப்பாக நான் அதற்கு முன் நினைத்ததில்லை. அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"நீயுந்தான் வந்து சொன்ன. சொல்லிட்டுப் பையத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிட்ட."

நான் சின்னப் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தண்ணி ஆறுது" என்றாள் அம்மா. "முதுகைப் பாத்து ஊத்து."